தகடு இல்லாத லாஞ்ச் இன்ஜினை அடையாளம் காண்பது எப்படி?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்கள் கொல்லையில் தாத்தா காலத்து இன்ஜின் ஒன்று கிடக்கிறது. ஒரே சிலிண்டர், முன்பக்கம் பெரிய பிளைவீல். கம்பெனிப் பெயர் பொறித்த தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைதான் மிச்சம். தனுஷ்கோடி கப்பலில் இருந்து வந்தது என்று அத்தை சொல்கிறார். பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இது எந்த நாட்டு இன்ஜின், எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" கூடவே மூன்று படங்களும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, முதலில் இரண்டு வேண்டுகோள். இரும்புக் கடைக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், அதைச் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். துருவை எடுக்கிறேன் என்று கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால், துருவோடு சேர்ந்து எண்களும் பழைய பெயின்ட்டும் போய்விடும். அடையாளம் காண நமக்கு வேண்டியதே அவைதான்.

பழைய இன்ஜினைப் பார்த்ததும் எல்லோரும் தேடுவது கம்பெனிப் பெயரை. நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். முதலில் பார்க்க வேண்டியது, அந்த இன்ஜின் எண்ணெயை எப்படி எரித்தது என்பதை. அது தெரிந்தால் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் சில டஜனாகக் குறைந்துவிடும். தகடு கழன்று போகலாம், பம்ப் மாறலாம், பெயின்ட் பத்துத் தடவை அடித்திருக்கலாம். வார்ப்பின் உருவத்தை யாராலும் மாற்ற முடியாது.

உங்கள் இரண்டாவது படத்தில் சிலிண்டர் தலைக்கு மேலே குமிழ் போல ஒரு வார்ப்பு இருக்கிறது. ஸ்பார்க் பிளக் போடும் இடம் எதுவும் இல்லை. வால்வைத் திறக்க சிலிண்டர் ஓரமாக மேலே ஏறும் தண்டு, அதாவது புஷ்ராடு இல்லை, தலையில் வால்வும் இல்லை. புகைக்குழாய் தலையிலிருந்து கிளம்பாமல் சிலிண்டரின் நடுவயிற்றிலிருந்து வெளியே வருகிறது. கிராங்க் பெட்டியின் மூடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் சிறு மடல்கள் தெரிகின்றன. இவை எல்லாம் சேர்ந்தால் அது ஹாட் பல்ப் இன்ஜின். செமி டீசல் என்றும் சொல்வார்கள். உங்களுடையது இரண்டு ஸ்ட்ரோக் வகை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற அடையாளங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. டீசல் இன்ஜின் காற்றைப் பதினைந்து மடங்கு, அதற்கும் மேலே அழுத்தும். அந்த அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஹாட் பல்பில் அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து மடங்குதான். அந்தச் சூடு போதாது என்பதால், தலையிலுள்ள குமிழை வெளியிலிருந்து ப்ளோ லாம்ப் வைத்து மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்ச வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். பிறகு பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, பம்பை ஒரு தள்ளுத் தள்ளி எண்ணெயைக் குமிழுக்குள் அடித்தால் டொப்பென்று பிடித்துக்கொள்ளும். ஓட ஆரம்பித்த பிறகு குமிழ் தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும், விளக்கை அணைத்துவிடலாம். சும்மா ரொம்ப நேரம் மெதுவாக ஓடினால் குமிழ் ஆறிவிடும், மறுபடி விளக்கு வேண்டும். மட்டமான எண்ணெயையும் எரித்துவிடும் என்பதுதான் இதன் பெரிய பலம். வால்வு, நுணுக்கமான பாகம் என்று எதுவும் அதிகம் இல்லாததால், பட்டறை இல்லாத ஊரிலும் வைத்துச் சமாளிக்கலாம். மீன்பிடிப் படகுகளில் இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயரின் யோசனையை இங்கிலாந்தில் ஹார்ன்ஸ்பி கம்பெனி 1890களில் இன்ஜினாகச் செய்து விற்றது. ஆனால் அதைக் கடலுக்கான இன்ஜினாக வளர்த்தெடுத்ததில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஹாலந்து நாட்டுப் பட்டறைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டாக்ஹோமின் பொலிண்டர், லீசெகிலின் ஸ்காண்டியா, ஆம்ஸ்டர்டாமின் குரோம்ஹவுட் எல்லாம் அந்தக் காலத்தில் பெரிய பெயர்கள். இங்கிலாந்தில் யோவில் ஊரின் பெட்டர் கம்பெனியும் இரண்டு ஸ்ட்ரோக் செமி டீசல் செய்தது. ஜப்பானியப் படகுகளிலும் இந்த வகை நிறைய ஓடியது. ஆகவே குமிழைப் பார்த்து வகையைச் சொல்லலாம், நாட்டைச் சொல்ல முடியாது. அதற்கு அளவெடுக்க வேண்டும்.

அதற்கு முன், இதே கரையில் வேறு பழைய இன்ஜின் வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கும் அதற்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவும் சேர்ந்தே இருந்தால் குழம்பாதீர்கள். அது கிளாஸ்கோவின் கெல்வின் இன்ஜினாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு டீசலுக்கு மாற்றுவார்கள். கியர் பெட்டியே இல்லாமல், ஷாப்ட்டுக்குள் ஓடும் தண்டால் புரொப்பல்லர் இலைகளைத் திருப்பி முன்னும் பின்னும் போகும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்றால் நார்வேயின் பெர்கன் நகரில் செய்த சாப் இன்ஜினை முதலில் நினையுங்கள். இரண்டு பக்கமும் பெரிய பிளைவீல், தலையில் அழுத்தத்தை மாற்றும் ஒரு திருகு வால்வு, நிமிடத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் சுற்று என்றால் இங்கிலாந்தின் லிஸ்டர் அல்லது ராஜ்கோட் பட்டறைகளில் அதைப் பார்த்துச் செய்த நகல். 6 குதிரைசக்தி லிஸ்டருக்குத் துளை, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், நாலரை அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், ஐந்தரை அங்குலம்; வேகம் 650. இது பெரும்பாலும் கிணற்றடியிலும் உப்பளத்திலும் தண்ணீர் இறைத்த இன்ஜின். நம் பக்கத்தில் இப்படிப்பட்டதைப் படகில் ஏற்றியதும் உண்டு, படகில் இருந்ததைத் தரையில் இறக்கி பம்ப்செட் ஆக்கியதும் உண்டு. அதனால் கிடக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்களுடையதில் பிளைவீல் ஒன்றுதான், மறுமுனையில் ஷாப்ட்டோடு இணைக்கும் வட்டத் தட்டு, பக்கத்தில் கடல்தண்ணீர் இழுக்கும் சிறு பம்ப். அது படகுக்கென்றே பிறந்தது.

இனி அளவு. முதலில் ஸ்ட்ரோக்கை எடுங்கள், ஏனென்றால் துளை தேயும், ஸ்ட்ரோக் தேயாது. இன்ஜின் இறுகிக் கிடப்பதால் பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டி அளக்க முடியாது, அதற்காக அடித்துத் திருப்பவும் வேண்டாம். கிராங்க் பெட்டியின் மூடியைக் கழற்றி, கிராங்க் ஷாப்ட்டின் நடுவிலிருந்து கனெக்டிங் ராடு பிடித்திருக்கும் பின்னின் நடுவரை அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் போதும். துளையைத் தலையைக் கழற்றினால்தான் சரியாக அளக்க முடியும், இப்போது அவசரமில்லை. வந்த அளவை மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் எழுதிப் பாருங்கள். 152.4 மில்லிமீட்டர் வந்தால் அது சரியாக ஆறு அங்குலம், பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வரைந்த இன்ஜின். 160, 180, 200 என்று மில்லிமீட்டரில் முழு எண்ணாக விழுந்தால் ஐரோப்பாவோ ஜப்பானோ. வரைபடம் போட்டவர் எந்த அளவுகோலில் சிந்தித்தாரோ அது அங்கே தங்கியிருக்கும்.

மரையையும் பார்க்கச் சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் கவனமாக. அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரை இருந்தால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை, 16 இருந்தால் பிரிட்டிஷ் நுண்மரை, 13 இருந்தால் அமெரிக்க மரை. பட்டறைகளில் இருக்கும் மரை கேஜை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். விட்வொர்த் மரை இருந்தாலே இங்கிலாந்து இன்ஜின் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய காலத்தில் ஸ்வீடன், ஹாலந்து, ஜப்பான் வரைக்கும் விட்வொர்த் மரை புழக்கத்தில் இருந்தது. அதனால் விட்வொர்த் மரையும் மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் சேர்ந்து வந்தால் அதில் முரண்பாடு இல்லை, வடக்கு ஐரோப்பா என்ற சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, வெளியே தெரியும் நட்டு போல்ட்டைப் பார்க்காதீர்கள். இத்தனை வருடத்தில் பாம்பன் லேத் பட்டறையிலோ ராமநாதபுரத்திலோ எத்தனை தடவை மாற்றியிருப்பார்களோ. வார்ப்புக்குள்ளேயே இறங்கியிருக்கும் தலையில்லாத போல்ட்டையும் (ஸ்டட்) அதன் ஓட்டையையும் பாருங்கள்.

வெளியே மாட்டிய பாகங்கள் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எண்ணெய் அடிக்கும் பம்பில் மைகோ என்று இருந்தால் அது பெங்களூரில் செய்தது. அந்தக் கம்பெனி தொடங்கியதே 1951ல்தான். அந்த எழுத்து இன்ஜினின் வயதைச் சொல்லாது, யாரோ பிற்பாடு பம்பை மாற்றினார்கள் என்பதைத்தான் சொல்லும். பாஷ், லூகாஸ் பெயர்களும் அப்படியே. அவை துணைப்பாகம் செய்தவர்களின் பெயர்கள், இன்ஜின் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுத்துகளைத் தேடும் வேலைக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசுக்கை ஊறவைத்து, மூங்கில் சீவலால் மெல்லச் சுரண்டுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சை வார்ப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். சாக்பீஸைத் தேய்த்தும் பார்க்கலாம், மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தும் அனுப்பலாம். மேடாக வார்த்த எண் பாகத்தின் அச்சு எண், ஒரே மாதிரி இன்ஜின்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும். உளியால் அடித்துப் பதித்த எண்தான் அந்த ஒரு இன்ஜினுக்குரிய வரிசை எண். தகடு போனாலும் அந்த எண் பெரும்பாலும் வேறு எங்காவது இருக்கும். பிளைவீலின் முகத்தில், கிராங்க் ஷாப்ட்டின் முனையில், கிராங்க் பெட்டி மூடி உட்காரும் விளிம்பில், கனெக்டிங் ராடு இரண்டாகப் பிரியும் இடத்தில் பாருங்கள்.

எண்ணெய் ஊற்றும் வாயருகே எண்ணெய் என்பதற்கான சொல் வார்த்திருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். ஓ, எல், ஜே, ஏ என்று இருந்தால் ஸ்வீடன். கடைசி எழுத்து ஈ ஆக இருந்தால் நார்வே. நார்வேச் சொல்லில் ஜே இருக்கும் இடத்தில் ஐ வந்தால் டென்மார்க் அல்லது ஹாலந்து. ஆங்கில ஓ எழுத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடினால் நார்வே அல்லது டென்மார்க். குதிரைசக்தியை எச்.கே. என்று போட்டிருந்தால் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் இவற்றில் ஒன்று, பி.எஸ். என்றால் ஜெர்மன் பழக்கம், பி.கே. என்றால் ஹாலந்து, பி.எச்.பி. என்றால் ஆங்கிலம். பொலிண்டர் என்று தெரிந்துவிட்டால் காலமும் ஓரளவு கிடைக்கும். அந்தக் கம்பெனி 1932ல் முங்க்டெல் கம்பெனியோடு சேர்ந்தது. பொலிண்டர், ஸ்டாக்ஹோம் என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது. இரண்டு பெயரும் இணைந்து எஸ்கில்ஸ்டுனா என்ற ஊர் வந்தால் பிந்தையது.

உங்கள் அத்தை சொன்ன தனுஷ்கோடிக் கதையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 1914 முதல் ஓடிய பயணிக் கப்பல்கள் எல்லாம் ஸ்டீமர்கள். பிற்காலத்து இர்வின், கோஷன் என்ற கப்பல்களும்கூட நீராவியில் ஓடியவைதான். உங்கள் இன்ஜின் அந்தக் கப்பல்களை ஓட்டிய இன்ஜின் இல்லை. 1964 டிசம்பர் புயலுக்கு முன் தனுஷ்கோடியில் இருந்த வேறு லாஞ்சில் இருந்திருக்கலாம், அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. நார்வே இன்ஜின் என்று முடிவானால் இன்னொரு வழியையும் யோசிக்கலாம். 1952ல் ஒப்பந்தமான இந்திய நார்வே மீன்வளத் திட்டம் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் தொடங்கி, 1963ல் மண்டபத்துக்கும் வந்தது. ஆனால் அப்போது ஹாட் பல்ப் பழசாகி, சாப் போன்ற சிறு டீசல்களின் காலம் வந்துவிட்டது. உங்களுடையது அதற்கு முந்தைய வடிவமாகத்தான் எனக்குப் படுகிறது. தொண்டி, கீழக்கரை வணிகர்களுக்கு இலங்கையோடு இருந்த போக்குவரத்தில் கொழும்பிலிருந்து பழையதாக வாங்கி வந்திருக்கவும் வழி உண்டு.

இதை உறுதிசெய்ய ஊர்ப் பெரியவர்களிடம் போங்கள். போய், "எந்தக் கம்பெனி இன்ஜின்?" என்று கேட்காதீர்கள். யாருக்கும் நினைவிருக்காது, அல்லது அந்தக் காலத்தில் பிரபலமான பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். தினமும் விடியலில் செய்த வேலை கைக்கு மறக்காது. விளக்கு வைத்துக் காய்ச்சினோம் என்றால் ஹாட் பல்ப். முதலில் பெட்ரோல், பிறகு டீசல் என்றால் கெல்வின் போன்றது. பீடி அளவில் ஒரு காகிதச் சுருளைப் பற்றவைத்துத் தலையில் சொருகித் திருகினோம் என்றால் சாப் போன்ற வடக்கு ஐரோப்பிய டீசல். அடுத்த கேள்வி, "பின்னால் போக என்ன செய்வீங்க?" கியர் இல்லாத பொலிண்டர் வகைகளில் வேகத்தைக் குறைத்து, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே எண்ணெயை அடித்து, இன்ஜினையே எதிர்த்திசையில் சுழல வைப்பார்கள். அதைச் செய்த ஒரு ஓட்டுநர் இருந்தால் அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் இன்ஜினைவிட அரியது அந்தக் கைப்பழக்கம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வீட்டு டிரங்குப் பெட்டியையும் கிளறுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம், படகுப் பதிவு, லாஞ்சோடு எடுத்த கல்யாணப் படம் எதிலாவது இன்ஜின் எண்ணோ உருவமோ இருக்கும்.

பாதுகாப்பு பற்றி. மணலில் கிடப்பதைத் தூக்கிக் கனமான மரச்சட்டங்கள் மேல் வையுங்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து, வெளிப்பக்கம் முழுக்கப் பழைய எண்ணெய் பூசி, மேலே காற்றுப் போக இடம் விட்டுத் தார்ப்பாய் போடுங்கள். இறுகிய பிஸ்டனுக்கு, எண்ணெயைத் தெளிக்கும் நாசிலின் ஓட்டை வழியாகவும் புகைக்குழாய்த் துவாரம் வழியாகவும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் விடுங்கள். சுத்தியலும் வேண்டாம், கேஸ் கட்டரும் வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். புகைக்குழாயைச் சுற்றி வெள்ளைக் கயிறு மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் கையால் பிய்க்காதீர்கள். பழைய இன்ஜின்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும், தூள் நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. ஈரத்துணியால் மூடி அப்படியே விடுங்கள்.

வலையில் சிக்கிக் கடலடியிலிருந்து வந்த இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கழுவிக் காயவைக்கும் முறை ஆகாது. நெடுங்காலம் கடலில் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் கூடு மட்டும் உருவம் மாறாமல் நிற்கும், கத்தியால் சீவலாம். அதை வெயிலில் காயவைத்தால் வெடித்து உதிரும். தண்ணீரிலேயே முக்கி வைத்துவிட்டு, தொல்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரைக் கேட்க வேண்டும். மூழ்கிய கப்பலின் பொருள் என்றால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டிய கடமையும் உண்டு.

உங்களுடையது நூறு வருடம் தாண்டியது என்று தெரிய வந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம். வெளிநாட்டிலிருந்து யாராவது நல்ல விலை சொன்னாலும் தொல்லியல் துறையைக் கேட்காமல் அனுப்பிவிடாதீர்கள். அடுத்த முறை எனக்கு எழுதும்போது இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்: ஸ்ட்ரோக் அளவு, பிளைவீலின் விட்டமும் விளிம்பின் அகலமும், தகடு இருந்த நான்கு ஓட்டைகளுக்கு இடையிலான தூரம், ஸ்டட்டின் மரைக் கணக்கு, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்கள். தகட்டு ஓட்டைகளின் இடைவெளியை மறந்துவிடாதீர்கள். வேறு எங்காவது தகட்டோடு இருக்கும் இன்ஜினின் அளவோடு அது ஒத்துப்போனால், பெயர் உறுதியாகிவிடும்.